எலெய்ன் மாதிரி எழுதினால் ஜமுக்காளம் விற்குமா?

குழித்தறி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பவானியில் ஒரு சின்ன கைத்தறிக் கடைக்கு ஆன்லைன் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். படம் எடுப்பது, விலை போடுவது, ஒவ்வொரு உருப்படிக்கும் கீழே நாலு வரி எழுதுவது, இவ்வளவுதான் வேலை. அந்த நாலு வரிதான் உயிரை வாங்குகிறது. "தரமான பருத்தி, நீடித்து உழைக்கும், பாரம்பரியம் மிக்கது" என்று எல்லாக் கடைக்காரரும் போடுவதையே நானும் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது ராத்திரியில் சைன்ஃபெல்ட் என்ற பழைய அமெரிக்கக் காமெடித் தொடர் பார்க்கிறேன். அதில் எலெய்ன் ஒரு துணிக்கடை கேட்டலாகுக்கு எழுதும் வேலைக்குப் போகிறாள். அவளுடைய முதலாளி பீட்டர்மேன் ஒரு சட்டையைப் பற்றிச் சொல்லவே கண்டம் விட்டுக் கண்டம் தாவுகிறார். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்த பிறகு, இது மாதிரி நாமும் எழுதினால் என்ன என்று தோன்றிவிட்டது. எங்கள் அண்ணனிடம் (கடை முதலாளி) சொன்னேன். "எழுதுப்பா, காசா பணமா" என்றார். எழுதினேன்:

"கூடுதுறையில் அந்தி சாய்கிறது. காவிரியும் பவானியும் தழுவிக்கொள்ளும் அந்தக் கணத்தில் ஒரு முதியவரின் விரல்கள் நூலோடு பேசத் தொடங்குகின்றன. யுகங்களின் நினைவு இழை இழையாக விரிகிறது. இது ஜமுக்காளம் அல்ல. உங்கள் மூதாதையரின் மடி."

படித்தவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் வருகிற போன் எல்லாம் "அளவு என்னங்க?" என்பதோடு நின்றுவிடுகிறது. இந்தப் பாணி நிஜ உலகில் எடுபடுமா, இல்லை அது வெறும் காமெடிக்கு எழுதியதா? அந்தத் தொடரில் எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ள வேறு ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழையகாப்பி எழுதியது:

தம்பி, உங்கள் ஜமுக்காளத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் பீட்டர்மேன்.

அவர் நிஜ ஆள். ஜான் பீட்டர்மேன், அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன்காரர். வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் ஹோல் என்ற இடத்தில், குதிரைக்காரர்கள் போடும் நீளமான டஸ்டர் கோட் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தார். போகிற இடமெல்லாம் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதையே விற்றால் என்ன என்று 1987ல் டான் ஸ்டேலி என்ற விளம்பர எழுத்தாளரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். அவர்கள் கேட்டலாகில் போட்டோவே கிடையாது, எல்லாம் கையால் வரைந்த வண்ணப் படம். பக்கத்தில் ஒரு குட்டிக் கதை போல வாசகம். கேட்டலாக் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், பொருளோடு வரும் கையேடு மாதிரி 'ஓனர்ஸ் மேனுவல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1995 மே மாதம் ஆறாவது சீசனின் கடைசி எபிசோடில்தான் தொலைக்காட்சி பீட்டர்மேன் முதலில் வருகிறார். நடித்தவர் ஜான் ஓஹர்லி. 1940களின் ரேடியோ நாடகக் குரலை மனதில் வைத்துத்தான் அப்படிப் பேசினாராம். நீங்கள் அந்தக் காட்சியைத் திரும்ப ஒருமுறை போட்டுப் பாருங்கள். மழையில் தெருவில் பார்க்கும்போது அவர் போட்டிருக்கும் ஜாக்கெட் நன்றாக இருக்கிறது என்கிறாள் எலெய்ன். உடனே அவர் ஆரம்பித்துவிடுகிறார். ரொம்ப மிருதுவானது, பைகளுக்குப் பட்டன் வைத்த பெரிய மூடி, சாமான் போட்டுக்கொள்ளும் பைகள், இடுப்பில் இழுத்துக் கட்டக் கயிறு, முதுகுப் பக்கம் ஆழமான வெட்டு. அந்த வெட்டு எதற்கு என்றால், வெனிஸ் நகரத்துக் கால்வாயில் ஓடும் கொண்டோலா படகில் தாவி ஏற வசதியாக இருக்கும்!

எல்லோரும் கொண்டோலாவுக்குச் சிரிப்பார்கள். தொழிலில் இருக்கிறவன் அதற்கு முன்னால் வந்ததை எண்ண வேண்டும். துணியின் தன்மை, மூடி, பை, கயிறு, வெட்டு. அத்தனையும் தொட்டுப் பார்க்கக் கூடிய விஷயம். படகு கடைசியில் ஒரே ஒரு தடவை வருகிறது. அதுவும் வெட்டைப் பற்றிப் பேசியதால் வருகிறது. முதுகில் வெட்டு இருந்தால் கை காலை வீசித் தாவலாம் என்பது உண்மைதானே. தாவுகிற இடம் வெனிஸ் என்பது மட்டும்தான் கூத்து.

நிஜக் கேட்டலாகிலும் சூத்திரம் இதுவேதான். அந்த டஸ்டர் கோட்டுக்கு எழுதிய வாசகத்தின் சாரம் என்ன தெரியுமா? குதிரைமேல் உட்கார்ந்தவனின் காலைக் கணுக்கால்வரை மூட வேண்டும், சேணத்தையும் மூட வேண்டும், அதனால் இவ்வளவு நீளமாக வெட்டியிருக்கிறது. அப்படி வெட்டியதால், யாரும் திட்டம் போடாமலே போட்டவருக்கு எடுப்பாக அமைந்துவிட்டது. குதிரை இல்லாதவருக்கும்தான். இதில் 'அழகான கோட்' என்று யாராவது சொன்னார்களா? நீளத்துக்குக் காரணம் சொன்னார்கள், அழகு தன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. விளம்பரக்காரன் "அழகு" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். "மழைக்காக நீளமாக்கினோம், பார்க்கவும் நன்றாக வந்துவிட்டது" என்றால் நம்புவார்கள்.

இப்போது உங்கள் வாசகம். கூடுதுறை, அந்தி, முதியவர், யுகம், மடி. தொட்டுப் பார்க்க ஒன்றாவது இருக்கிறதா? நீங்கள் கொண்டோலாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஜாக்கெட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள். "இது ஜமுக்காளம் அல்ல" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அவர் ஜமுக்காளம் வாங்கத்தானே வந்திருக்கிறார்?

போன் பண்ணி அளவு கேட்கிறவர்களைத் திட்டாதீர்கள். உங்கள் விளம்பரத்தில் என்ன இல்லை என்று இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு நோட்டுப் போட்டு அவர்கள் கேட்கிற கேள்வியை எல்லாம் அப்படியே எழுதி வையுங்கள். நான் விளம்பர ஏஜென்சியில் இருந்த காலத்தில் கிளையன்ட் தரும் பக்கம் பக்கமான குறிப்பைவிட, டீலர் கடையில் அரை மணி நேரம் நின்றால் கிடைப்பது அதிகமாக இருக்கும்.

இன்னொன்று. பீட்டர்மேன் மாதிரி எழுதிவிட்டால் கடை பிழைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தொடரால் அவர் பெயர் அமெரிக்கா முழுக்கத் தெரிந்தது. உச்சத்தில் ஆண்டு விற்பனை சுமார் 7.5 கோடி டாலர். அந்தச் சூட்டில் சொந்தமாகக் கடைகள் திறக்க ஆரம்பித்தார்கள், சரக்கு வகைகளைக் கூட்டினார்கள், செலவு எகிறியது. 1999 ஜனவரியில் கம்பெனி திவால் மனு போட்டது. தொடர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பீட்டர்மேனைப் பார்த்துச் சிரித்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள், அவர்கள் எல்லோருக்கும் டஸ்டர் கோட் தேவைப்படவில்லை. கையேடு படித்து வாங்குகிற கூட்டம் வேறு, அது சின்னது. அந்தக் கூட்டத்துக்காக எழுதிய வரைக்கும் அது சோறு போட்டது.

வேடிக்கை என்னவென்றால், 2001ல் ஜான் பீட்டர்மேன் தன் பெயரைத் திரும்ப மீட்டபோது கூட நின்று முதலீடு போட்டவர், தொடரில் அவர் வேஷம் கட்டிய அதே ஓஹர்லி.


மொட்டைமாடி எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு சார். அந்தத் தொடர் வந்ததே "ஒண்ணுமே இல்லாததைப் பத்தின ஷோ" என்று சொல்லித்தான். ஒண்ணுமில்லாததை வித்தான் பாருங்க, அதுதான் மார்க்கெட்டிங். குழித்தறி, நீங்க தைரியமா யுகம், மடி எல்லாம் போடுங்க.


பழையகாப்பி எழுதியது:

மொட்டைமாடி, அந்த வசனத்தால் உலகம் முழுக்க ஏமாந்திருக்கிறார்கள், நீங்கள் மட்டும் இல்லை. "ஒன்றுமில்லாததைப் பற்றிய தொடர்" என்பது 1992ல், நாலாவது சீசனில், ஜெர்ரியின் நண்பனாக வரும் ஜார்ஜ், டிவி கம்பெனிக்காரர்களிடம் போய் உளறும் காட்சி. அதாவது கதைக்குள் வரும் ஒரு ஜோக். தொடரை உருவாக்கிய ஜெர்ரி சைன்ஃபெல்டும் லாரி டேவிடும் நிஜத்தில் என்பிசி டிவி கம்பெனியிடம் சொன்னது, ஒரு மேடைக் காமெடியனுக்குச் சரக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று காட்டுகிறோம் என்பது. பகலில் லாண்டரியிலும் ஓட்டலிலும் நடப்பது, ராத்திரி மேடையில் ஜோக்காக வருகிறது. ஆரம்ப எபிசோடுகளில் நடுநடுவே ஜெர்ரி மைக் பிடித்து நிற்பது அதனால்தான். தெளிவான, ஒரே வரியில் அடங்கும் சரக்கு. ஒன்றுமில்லாதது இல்லை.

அப்படிச் சொல்லியும் சுலபமாக நடக்கவில்லை. 1989 ஜூலை 5ல் ஒளிபரப்பான முதல் எபிசோடைப் பொதுஜனத்துக்குப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டபோது வந்த அறிக்கை "சுமார்" ரகம்கூட இல்லை, பலவீனம் என்றே இருந்தது. சிறப்பு நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ரிக் லட்வின் என்ற என்பிசி அதிகாரிதான், பாப் ஹோப் என்ற பிரபல காமெடியனின் நிகழ்ச்சி ஒன்றுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து மேலும் நாலு எபிசோடு எடுக்க வைத்தார். சர்வே எடுத்து விளம்பர வாசகம் முடிவு செய்யலாம் என்கிற கிளையன்ட்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. கேட்டுவிட்டு சர்வேதான் எடுப்பார்கள், அது வேறு விஷயம்.


சூப்ரசிகை எழுதியது:

நியூ ஜெர்ஸியில் இருந்து எழுதுகிறேன். பழையகாப்பி அண்ணா எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் அதே தொடரில் வரும் சூப் கடையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

1995 நவம்பரில் வந்த எபிசோடு. வரிசையில் ஒழுங்காக நிற்காதவருக்கு சூப் கிடையாது என்று விரட்டும் கடைக்காரர். இதை வைத்து இங்கே ஆபீஸ் டிரெய்னிங்கில் ஒருவர் பாடமே எடுத்தார்: வாடிக்கையாளரை விரட்டுங்கள், கிடைக்காது என்று காட்டுங்கள், அப்போதுதான் கூட்டம் வரும் என்று. எனக்கு வாயில் ஏதோ வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்தக் கடையும் நிஜம். மன்ஹாட்டனில் மேற்கு 55வது தெருவில் அல் யெகானே என்பவர் 1984ல் தொடங்கியது. கடை என்றால் உட்கார இடம் இல்லை, ஜன்னல் மாதிரி ஒரு கவுண்டர். டிவியில் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே, 1989லேயே, நியூயார்க்கர் பத்திரிகை அவரைப் பற்றி எழுதிவிட்டது. அதாவது டிவிக்கு முன்பே வரிசை இருந்தது, விதி அந்த வரிசைக்காகத்தான். எந்த சூப் என்று முடிவு செய்துகொள், பணத்தைக் கையில் வைத்துக்கொள், சொன்னதும் இடது பக்கம் நகர்ந்துவிடு. மதிய இடைவேளையில் ஆபீஸ் ஜனம் தெருவில் நிற்கிறது, இருப்பதோ ஒரு கவுண்டர். இந்த மூன்றையும் நாம் தர்ம தரிசன வரிசையில் தானாகவே செய்கிறோம், அங்கே எழுதிப் போட வேண்டியிருந்தது. பின்னால் நிற்கிறவருக்கு சூப் ஆறாமல் கிடைப்பதற்கான ஏற்பாடு அது. திமிர் இருந்திருக்கலாம், ஆனால் திமிரைப் பார்த்து யாரும் மழையில் நிற்கவில்லை.

டிவியில் வந்த 'சூப் நாஜி' என்ற பெயர் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதிலும் 'நாஜி' என்ற பட்டத்தை யார்தான் விரும்புவார். ஆனாலும் பின்னாளில் அவர் பெயரிலும் சூப்பிலும் கிளைகள் போட ஒரு கம்பெனி கிளம்பியது. அது 2017ல் திவால் மனுவில் போய் நின்றது. பீட்டர்மேன் கதைதான், ஊர் மட்டும் வேறு.

குழித்தறி தம்பி, உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. விதி போடுவதாக இருந்தால் வாங்குகிறவருக்கு லாபம் தரும் விதியாகப் போடுங்கள். "அளவு சொல்லி நெய்து தருகிறோம், ஆனால் நெய்து முடிக்க நாளாகும், அவசரக் கல்யாணத்துக்கு எங்களிடம் வராதீர்கள்" என்று சொல்லலாம். அது விரட்டுவது ஆகாது. "ஸ்டாக் தீரப் போகிறது, முந்துங்கள்" என்று நீங்களாகவே போடும் பொய்யை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். நாலாவது வாரமும் அதே வரியைப் பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொரு எபிசோடும் பாருங்கள், 1997 மே மாதம் வந்தது. மஃபின் என்ற சின்ன கேக்கில் மேல்பாகம்தான் ருசி, அதை மட்டும் விற்கலாம் என்று எலெய்ன் யோசனை சொல்ல, அவளுடைய பழைய முதலாளி (பீட்டர்மேன் இல்லை, அவருக்கு முந்தியவர்) கடை போட்டுவிடுவார். வெறும் மேல்பாகத்தை மட்டும் சுட்டால் ருசி வராது. முழு மஃபின் சுட்டு, மேலே பிய்த்து எடுக்க வேண்டும். சரி, மிச்சமான அடிப்பாகத்தை என்ன செய்வது? ஆதரவற்றோர் விடுதிகூட "மேல்பாகம் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடும். செலவுக் கணக்கு போடத் தெரியாத எல்லா ஸ்டார்ட்அப் பசங்களுக்கும் இதைப் போட்டுக் காட்ட வேண்டும்.


குழித்தறி எழுதியது:

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. அந்த மழைக் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். அண்ணா சொன்ன மாதிரி பை, மூடி, கயிறு எல்லாம் வரிசையாக வருகிறது. முதல் தடவை பார்த்தபோது காதிலேயே விழவில்லை.

போனில் கேட்பதை நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். அளவுக்கு அடுத்தபடியாக ஜனங்கள் கேட்பது: எத்தனை பேர் உட்காரலாம், வாஷிங் மெஷினில் போடலாமா, சாயம் போகுமா, இது மில் சரக்கா தறிச் சரக்கா, ஏன் இவ்வளவு கனம்.

கனம்தான் சங்கடம். பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) தடித்த பருத்தி நூல், அதனால் பெரிய ஜமுக்காளத்தை ஒருத்தர் உதறி மடிப்பது கஷ்டம். இதைச் சொன்னால் வாங்க மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. முதல் அலசலில் சாயமும் கொஞ்சம் இறங்கும். அண்ணன் "அதெல்லாம் எழுதாதே" என்கிறார்.

தறிச் சரக்கு என்று எப்படி நிரூபிப்பது என்றும் தெரியவில்லை. எல்லோரும்தான் கைத்தறி என்று போடுகிறார்கள். எங்களுக்கு நெய்து தருகிறவர் வீட்டில் அகலமான உருப்படி என்றால் ஒருத்தரால் முடியாது, குழித்தறியில் (தரையில் குழி வெட்டி அமைத்த தறி) ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒருத்தர் தள்ள இன்னொருத்தர் வாங்கி நெய்வார்கள். இதையெல்லாம் எழுதினால் யாருக்குப் புரியும்?


பழையகாப்பி எழுதியது:

தம்பி, தங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் புரியும் என்கிறீர்களே!

ஒரு மாதிரி எழுதித் தருகிறேன். 6 அடிக்கு 9 அடி உருப்படி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அளவுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"6 அடி அகலம், 9 அடி நீளம். இந்த அகலத்துக்கு ஒரு நெசவாளரின் கை எட்டாது. அதனால் குழித்தறியில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை அடுத்தவர் வாங்கி நெய்திருக்கிறார்கள். பெரியவர்கள் எட்டுப் பேர் இரண்டு வரிசையாகத் தாராளமாக உட்காரலாம். நூல் தடிமன், ஆகவே கனம் அதிகம். மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் விரித்துப் போட்டால் மின்விசிறிக் காற்றுக்கு ஓரம் புரளாது, குழந்தைகள் ஓடினாலும் சுருளாது. முதல் அலசலில் சாயம் கொஞ்சம் இறங்கும். அதைத் தனியாக அலசுங்கள்."

கனத்தைப் பார்த்தீர்களா? டஸ்டர் கோட்டின் நீளத்துக்குச் சொன்ன அதே நியாயம். குறை என்று நீங்கள் ஒளித்து வைத்தது, காரணத்தோடு வெளியே வந்ததும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொன்று, காற்றுக்குப் புரளாது என்று நான் ஊகத்தில்தான் எழுதியிருக்கிறேன். ஃபேனைப் போட்டுப் பார்த்துவிட்டு உண்மையாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

சாயத்தை எழுதாதே என்கிற உங்கள் அண்ணனிடம் இப்படிக் கேளுங்கள்: எழுதாமல் விட்டு, ஒரு வீட்டில் வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறப் போட்டுவிட்டால், அந்தப் போனை எடுக்கப் போவது யார்? நீங்கள்தானே.

'கைத்தறி' என்ற சொல்லை நான் வாசகத்தில் போடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து நாடா மாற்றிக்கொள்வதைப் படித்தவர் மில் சரக்கா என்று கேட்க மாட்டார். அந்தச் சொல்லைத் தேடித்தான் ஆட்கள் வருவார்கள் என்றால் தலைப்பில் போட்டுக்கொள்ளுங்கள், அது கூகுளுக்கு.

உங்கள் கூடுதுறை அந்தியைத் தூக்கிப் போட மனசு வராது, தெரியும். வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் கடைசியில் ஒரே ஒரு வரி. கொண்டோலாவுக்கு அவ்வளவுதான் இடம்.


குழித்தறி எழுதியது:

சரிங்கண்ணா. ஃபேன் போட்டுப் பார்த்தேன், ஓரம் புரளவில்லை. ஆனால் அண்ணன் "இரண்டு பேர் வேண்டும்" என்பதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். சின்ன அளவுக்கு அது வேண்டாம், பெரியதுக்கு மட்டும் இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது.

ஒரு சந்தேகம். பீட்டர்மேன் மாதிரி போட்டோவுக்குப் பதில் ஓவியம் போடலாமா? தெரிந்த பையன் ஒருத்தன் நன்றாக வரைவான்.


சூப்ரசிகை எழுதியது:

வேண்டாம் தம்பி. உங்கள் ஜனம் கோடுகளின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறது. வரைந்ததைப் பார்த்து வாங்கிவிட்டு, சிவப்பு வேறு மாதிரி வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், ஓரத்தில் யாரையாவது சம்மணம் போட்டு உட்கார வையுங்கள். அளவு கேட்டு வரும் போன் பாதியாகக் குறையும்.

அந்தப் பையனை, ரெண்டு பேர் நாடா மாற்றுவதை வரைந்து தரச் சொல்லுங்கள். பார்சலுக்குள் போடும் சீட்டுக்கு ஆகும்.